தண்ணீர் அறை வேலை

என் கணவரின் இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எப்பலேர்ந்து டாக்டர்?" என்பது. அடுத்தது, "திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா?" இதற்கு முன்பு இப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவை என் கேள்விகள் இல்லை. கணினியில் கோளாறு என்று யாராவது கூப்பிட்டால் வரிசையாகக் கேட்கும்படி அலுவலகத்தில் சொல்லித் தந்தவை. டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் என் கையைத் தட்டி, "ஏய், நான் இங்கதான் இருக்கேன்," என்றார்.

அப்போது நான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் இருந்தேன். எங்கோ ஒரு நாட்டில் ஒருவருக்கு மின்னஞ்சல் திறக்கவில்லை என்றால் அவருடைய புகார் ஓர் எண்ணாக என் திரைக்கு வரும். அதை டிக்கெட் என்போம். திறப்பேன், கேட்பேன், சரிசெய்வேன் அல்லது வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவேன், மூடுவேன். முதலில் பாயான் லெப்பாஸில் குளிரூட்டிய பெரிய மாடி ஒன்றில் உட்கார்ந்து செய்தேன். பிறகு எல்லாரையும் வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டேன். நான் சரிசெய்த எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு சர்வர் நின்றுவிட்டது என்பார்கள். அது எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் நிற்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த வேலை மேல் எனக்கு வெறுப்பு இருந்ததில்லை. வெறுப்பு இருந்திருந்தால் முன்னாலேயே விட்டிருப்பேன். கால் மரத்துப்போனால் அதை ஊன்றி நடக்கும்போது தரை இருக்கிறது என்று தெரியும், ஆனால் தரை படாது. அப்படித்தான் இருந்தது. காலையில் பசியாறுவேன், உட்காருவேன், மாலையில் எழுந்திருப்பேன். இடையில் என்ன செய்தேன் என்று கேட்டால் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது.

கணவர் ரொட்டி கம்பெனியில் லோரி ஓட்டியவர். கடை கடையாக இறங்கி ஏறி, எல்லாரிடமும் பேசிப் பழகியவர். டயாலிசிஸ் ஆரம்பித்தபின் லோரியை விட்டுவிட்டார், பேச்சை விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் சந்தைக்குப் பக்கத்துக் கடைவரிசையில் இருந்த ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவரைக் கூட்டிப்போவேன். அவர் இயந்திரத்தோடு நாலு மணி நேரம் படுத்திருப்பார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு டிக்கெட் மூடிக்கொண்டிருப்பேன். எங்கிருந்து செய்தாலும் நிறுவனத்துக்கு ஒன்றுதான்.

ஒரு நாள் அவர் படுத்தபடியே சொன்னார்:

"நீ என்னயும் டிக்கெட் மாதிரிதான் பாக்குற லா."

"எப்படி?"

"திறக்குற, பாக்குற, மூடுற."

சண்டைக்குச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. "தண்ணி கொஞ்சமா குடிங்க," என்று அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தேன்.

இன்னொரு நாள் அவருடைய இயந்திரம் விடாமல் கத்தியது. நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், இரண்டு முறை வந்து அமைதிப்படுத்தினார். மூன்றாவது முறை கத்தியதும் அவரை அடுத்த இயந்திரத்துக்கு மாற்றிவிட்டு, இதை ஓரமாக உருட்டிக்கொண்டு போனார்கள். அன்று வழக்கமான பராமரிப்புக்காக டெக்னீஷன் ஒருவன் வந்திருந்தான். முப்பதைத் தொடாத தமிழ்ப் பையன். இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் எதையோ இழுக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அக்கா, இந்த டார்ச்ச கொஞ்சம் புடிக்கிறீங்களா? ரெண்டு நிமிசம் லா."

பிடித்தேன். உள்ளே விரல் பருமனில் கண்ணாடி மாதிரியான குழாய்கள், பொத்தான் அளவு வால்வுகள், ஒரு சின்னப் பம்பு. குழாய்களின் வளைவில் வெள்ளையாகக் கல் மாதிரி படிந்திருந்தது. தண்ணீர் காய்ச்சும் கெண்டியின் அடியில் படியுமே, அது. அதைக் காட்டி, "இதான் அக்கா பிரச்சினை. உப்புக் கல்லு. சென்சர மூடிருச்சி, அதனால தண்ணில உப்பு எவ்வளவு இருக்குன்னு மெஷினுக்குத் தெரியல, கத்துது," என்றான். சென்சரைக் கழற்றி ஒரு மருந்தில் ஊறவைத்துத் துடைத்து மாட்டினான். கத்தல் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் நாற்காலிக்குத் திரும்பியபோது திரையில் டிக்கெட்டுகள் சேர்ந்துபோய்ச் சிவப்பாகியிருந்தன. அவற்றை ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வேலை தேடியது நானல்ல, என் கணவர். அந்தத் தம்பி அடுத்த முறை வந்தபோது இவர் படுத்தபடியே அவனிடம் ஊர்க்கதை பேசியிருக்கிறார். அவனுக்கு ஜொகூர் பக்கம் மாற்றலாகிறது, இங்கே ஆள் கிடைக்கவில்லை, வருகிற பையன்களெல்லாம் கணினி முன்னால் உட்காரும் வேலைதான் வேண்டும் என்கிறார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"என் பொண்டாட்டி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா. பாலிடெக்னிக்ல படிச்சவ," என்று இவர் சொல்லிவிட்டார். அது உண்மைதான். படித்து முடித்துச் சில மாதம் ஒரு தொழிற்சாலையில் சோல்டரிங் கம்பியும் கையுமாக இருந்தேன். பிறகு சம்பளம் கூட என்று மேசைக்குப் போனேன். அதன்பின் அந்த டிப்ளோமாவை யாரும் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில், நான் காடியை ஓட்டிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னார்.

"என்னக் கேக்காம எப்படிச் சொல்லுவீங்க?"

"கேட்டா நீ என்னா சொல்லுவ? 'பாக்கலாம்'னு சொல்லுவ. மூணு வருசமா எல்லாத்துக்கும் பாக்கலாம்தான்."

"பாக்கலாம்," என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

புக்கிட் மெர்தாஜாமில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு கடைவீடுதான் அந்தத் தம்பி வேலை பார்த்த நிறுவனம். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் பட்டறை. முதலாளி ஐம்பதைத் தாண்டிய சீனப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு என் சான்றிதழைப் பார்த்தார்.

"ஏசி அறை வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். இங்கே அதைவிடச் சம்பளம் குறைவு. ஏன் விடுகிறாய்?" என்று மலாயில் கேட்டார்.

"தக் தாவ், பாஸ்," என்றேன். தெரியவில்லை என்று அர்த்தம். நேர்காணலில் சொல்லக்கூடாத பதில் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. 

அவர் உள்ளே போய் ஒரு சின்னப் பம்பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். கழற்று, மறுபடி மாட்டு என்றார். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தபோது அதன் எடையே புதிதாக இருந்தது. கழற்றியதை இடமிருந்து வலமாக அடுக்கிவைத்தேன். திருப்பி மாட்டி முடித்தபோது மேசையில் ஒரு வாஷர் மிச்சமிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, வாஷரைப் போட்டு, மாட்டினேன்.

"இதற்கு முன்னால் வந்தவன் மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்," என்றார். "எப்போது சேர முடியும்?"

பழைய வேலையை விடுவது மிகவும் சுலபமாக இருந்தது. ராஜினாமாவைக் கணினியிலேயே போட வேண்டும். காரணம் என்று ஒரு பட்டியல் திறந்தது. அதிகச் சம்பளம், மேற்படிப்பு, குடும்பம், உடல்நலம். எதுவும் பொருந்தவில்லை. "மற்றவை" என்பதை அழுத்தினேன். கடைசி நாளன்று குழு அரட்டையில் எல்லாரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். சிலருடைய முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. மாலையில் ஒரு டிக்கெட்டைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது திரை தானாகவே என்னை வெளியே தள்ளிவிட்டது. கடவுச்சொல் செல்லவில்லை. பிறகு எழுந்து காய்ந்த துணிகளை மடித்தேன்.

கெலுகோரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். சேதி கேட்டதும் அண்ணி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உனக்கு என்னாச்சி? எல்லாரும் கம்ப்யூட்டர் வேலைக்கு அலையுறாங்க, நீ மெஷினு கழுவப் போறியா? வீட்ல ஒரு நோயாளி இருக்காரு, போற எடத்துலயும் நோயாளியா?"

"மெஷினு கழுவல அண்ணி. ரிப்பேர் செய்யணும்."

"என்னா வித்தியாசம்?"

"கழுவவும் செய்யணும்," என்று கணவர் குறுக்கே சொன்னார். அண்ணன் மட்டும் சிரித்தான். அண்ணி சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நான் ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜொகூருக்குப் போவதற்கு முன் அந்தத் தம்பி சில வாரம் என்னோடு சுற்றினான். அவனை அண்ணனாக மதிப்பதா தம்பியாக நடத்துவதா என்று முதலில் எனக்குக் குழப்பம். அவனோ, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் என் தப்பைச் சொல்வான். நாங்கள் வேனில் கடல்பாலத்தைக் கடந்து, எங்கள் வீடு இருக்கும் தீவுக்கும் பட்டறை இருக்கும் பெருநிலத்துக்கும் போய்வந்தோம்.

இந்த வேலையில் பாதி, நோயாளிகள் படுக்கும் கூடத்தில் இல்லை. அதன் பின்னால் இருக்கும் தண்ணீர் அறையில் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் தொட்டியிலிருந்து உயரமான நீலப் பீப்பாய்கள் வழியாகப் போய்ச் சுத்தமாகி இயந்திரங்களுக்கு வரும். ஒரு பீப்பாயில் மணல், ஒன்றில் மிளகு மாதிரி கரித்துகள், ஒன்றில் தண்ணீரை மென்மையாக்கும் மருந்து. அதற்கு உப்பு போட வேண்டும். அந்த உப்பு மூட்டைகளை வேனிலிருந்து தூக்கிப் போவதும் டெக்னீஷன் வேலைதான் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் மாதம் முழுக்க முதுகு வலித்தது. சிட்ரிக் அமிலமும் ப்ளீச்சும் பட்டு விரல் நுனிகளில் தோல் உரிந்தது. கணவர் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைப்பார். தடவிக்கொண்டு தூங்கிவிடுவேன்.

சொதப்பியதும் உண்டு. கெலுகோரில் ஒரு நிலையத்தில் பிளாஸ்டிக் நட்டு ஒன்றை இறுக்கமாக இருக்கட்டும் என்று ஓர் அரைச்சுற்று கூடத் திருகினேன். மறுநாள் காலை அது வெடித்துக் கூடம் முழுக்கத் தண்ணீர். நான் போய்ச் சேர்ந்தபோது மிஸ்ஸிகள் காலணியைக் கழற்றிவிட்டு மாப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியம்மா தொலைபேசியில் கத்தினார். நான் கேட்டுக்கொண்டே மாப்பை வாங்கித் துடைத்தேன். பழைய வேலையில் எவ்வளவோ தப்பு நடந்திருக்கும். தரையில் தண்ணீராக ஓடியதில்லை, அவ்வளவுதான்.

மனம் மாறிவிட்டதா என்றால் இல்லை. அதை எதிர்பார்த்தவர் என் கணவர்தான். தினமும் மாலையில் என் முகத்தைப் பார்ப்பார், எதையோ தேடுவதுபோல. நான் கையைக் கழுவிவிட்டு அரிசி களைவேன்.

தம்பி போனபின் ஆயர் ஈத்தாம் நிலையமும் என் பொறுப்புக்கு வந்தது. கணவர் படுக்கும் இயந்திரத்துக்குப் பராமரிப்பு செய்யும் முறை வந்தபோது நான் வேண்டுமென்றே அவர் நாளிலேயே போனேனா, தற்செயலா என்று நினைவில்லை. அவர் வேறோர் இயந்திரத்தில் படுத்திருந்தார். நான் அவருடைய வழக்கமான இயந்திரத்தின் பின்பக்கத்தைத் திறந்து தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"எப்படி இருக்கா என் ரெண்டாவது சம்சாரம்?" என்று உரக்கக் கேட்டார். நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"ஹோஸ் மாத்தணும்," என்றேன்.

"செலவு வைப்பாளா?"

"பேசாம படுங்க. பிரஷர் ஏறும்."

நான் கழற்றிய ரப்பர் வளையங்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. அவருடைய ரத்தத்தைச் சுத்தப்படுத்துகிற நீர் இத்தனை நாளும் இவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறது. இதைப் பார்த்ததும் ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மற்ற இயந்திரங்களுக்குச் செய்ததையே இதற்கும் செய்தேன். கூடவோ குறையவோ இல்லை. புது வளையங்களைப் போட்டு, மூடி, ஓடவிட்டு, எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஒரு தண்ணீர் வெட்டு வந்தது. பெருநிலத்தில் பெரிய குழாய் ஒன்று உடைந்து பல இடங்களில் குழாய் வறண்டுவிட்டது. புக்கிட் மெர்தாஜாமில் நாங்கள் பார்க்கிற நிலையத்துக்கு லோரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை நான் போனபோது முதல் சுற்று நோயாளிகள் வந்துவிட்டார்கள். மிஸ்ஸிகள் இயந்திரங்களைத் தயார்செய்துகொண்டிருந்தார்கள்.

தண்ணீர் அறையில் முதல் வேலை குளோரின் பரிசோதனை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குடித்தால் வயிறு அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் டயாலிசிஸ் இயந்திரம் வழியாக ரத்தத்துக்குள் போனால் ரத்த அணுக்கள் உடையும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் கரிப் பீப்பாயின் வேலை. அந்தப் பீப்பாயைத் தாண்டி வரும் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, மருந்துத் தூளைப் போட்டுக் குலுக்கினேன். தெளிவாக இருக்க வேண்டும். ரோஜா நிறமாக மாறியது. குப்பியைக் கழுவி மறுபடி செய்தேன். அதே நிறம். லோரித் தண்ணீரில் குளோரின் அதிகம். பழைய கரிக்கு அதைப் பிடித்துவைக்கத் தெம்பில்லை.

தலைமை மிஸ்ஸி ஒரு மலாய் அக்கா, 'காக்' என்று கூப்பிடுவோம். குப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"லேசாகத்தானே இருக்கிறது?" என்றார் மலாயில். "எல்லாரும் வந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரமாவது போடலாமா?"

"வேண்டாம் காக். ஒருவருக்கும் போடாதீர்கள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். பிறகு திரும்பி, தயார்செய்ததையெல்லாம் நிறுத்தச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒருவரை ஆம்புலன்ஸ் வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

நான் முதலாளியம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு வேனுக்குப் போகக் கூடத்தைக் கடந்தேன். சக்கர நாற்காலியில் ஒரு தமிழ் ஆன்ட்டி, மடியில் ஃபிளாஸ்க்கோடு, என் வழியை மறித்தார்.

"என்னாம்மா, இன்னும் மெஷினு போடல?"

"தண்ணி சரியில்ல ஆன்ட்டி. நேரமாவும்."

"நான் வெள்ளிக்கிழம செஞ்சது. காலப் பாரு, எப்படி வீங்கியிருக்குன்னு. முன்ன ஒரு தம்பி வருவான், அவன் ஒரு நாளும் நிறுத்தினதில்ல. நீ புதுசு, உனக்குச் செய்யத் தெரியல போல."

"தெரியுது ஆன்ட்டி. அதனாலதான் நிறுத்தினேன்."

"உன் வீட்டுக்காரரு இங்க படுத்திருந்தா இப்படி நிறுத்துவியா நீ?"

கூடத்தில் எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் டயாலிசிஸ்தான் ஆன்ட்டி. நிறுத்துவேன்."

அவர் நாற்காலியைத் தானே உருட்டி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வழி கிடைத்தது. நான் போனேன்.

மற்ற டெக்னீஷன் அன்று அலோர் ஸ்டாரில் இருந்தார். அதனால் முதலாளியம்மாவே வந்துவிட்டார், புதுக் கரி மூட்டைகளோடு. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான் என்று பீப்பாயைக் காலிசெய்தோம். பழைய கரி ஈரமும் கனமுமாகச் சரிந்து வந்தது. புதுக் கரியைக் கொட்டியபோது எழுந்த தூளில் இருவருக்கும் முகம் கருத்துவிட்டது. பிறகு கழுவ வேண்டும். தண்ணீரைத் திறந்துவிட்டால் வடிகாலில் மை மாதிரி ஓடும். அது வெளுக்கிறவரை நிற்க வேண்டும். அவர் ஒருமுறை மட்டும், "பெலான் பெலான்," என்றார், மெதுவாக, மெதுவாக என்று. எனக்குச் சொன்னாரா தண்ணீருக்குச் சொன்னாரா தெரியாது.

மதியம் தாண்டியபின் குப்பியில் மருந்தைப் போட்டுக் குலுக்கினேன். நிறம் வரவில்லை. நிச்சயத்துக்காக மறுபடி செய்தேன், அதற்குமேல் முதலாளியம்மாவையும் ஒருமுறை செய்யச் சொன்னேன். தெளிவாகவே இருந்தது. தலைமை மிஸ்ஸியிடம் போய், "போலே, காக்," என்றேன். போடலாம்.

எல்லாருக்கும் நேரத்தைக் குறைத்து, ஒவ்வொருவராகப் போட ஆரம்பித்தார்கள். நான் தண்ணீர் அறை வாசலில் நின்று பார்த்தேன். அந்த ஆன்ட்டிக்கு ஊசி போட்டு, ரத்தம் குழாயில் ஏறி, பம்பு சுற்ற ஆரம்பித்தது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். நிறுத்தச் சொன்னபோதும், ஆன்ட்டி கேட்டபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பசி மட்டும் இப்போது வந்திருந்தது.

முதலாளியம்மா எதிர்க்கடையில் இரண்டு பொட்டலம் சோறு வாங்கிவந்தார். வேனின் பின்கதவைத் திறந்துவைத்து அதில் உட்கார்ந்து, நகத்தில் கரியோடு சாப்பிட்டோம். பசி என்றால் அப்படியொரு பசி. நான் முடித்துவிட்டு இன்னொரு பொட்டலத்துக்காகக் கடையைப் பார்த்ததை அவர் கண்டுகொண்டு, எழுந்துபோய் வாங்கிவந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். ஆன்ட்டி கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன்.

"மெய்யாவே நிறுத்துவியா?"

"நிறுத்துவேன்."

"கால் வீங்கி, மூச்சு வாங்கினாலும்?"

"ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அந்தத் தண்ணியப் போட மாட்டேன்."

"சரி," என்றார். பிறகு, "நீ இவ்வளவு நீளமாப் பேசி ரொம்ப நாளாச்சி," என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பழைய அலுவலகத்தில் எனக்குத் தலைவியாக இருந்தவர் கூப்பிட்டார். ஆட்கள் போய்விட்டார்கள், திரும்பி வருகிறாயா, வேறு நல்ல பதவி தரச் சொல்கிறேன் என்றார். நான் அப்போது ஒரு நிலையத்தின் பின்சந்தில் வேனில் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். அங்கே நல்லவர்கள்தான் இருந்தார்கள், எனக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. கை பழகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

இப்போதும் நான் அதிகம் மாறிவிடவில்லை. மரத்துப்போனது மரத்தபடிதான் இருக்கிறது, சில இடங்களில் மட்டும் லேசாகக் குத்துகிறது. கணவர் வாரத்தில் மூன்று நாள் போய்ப் படுக்கிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். அது எப்போது வரும் என்று நாங்கள் பேசுவதில்லை. அண்ணி மட்டும் இப்போது தன் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் நின்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

போன மாதம் புதுவகை இயந்திரம் ஒன்றைப் பழக என்னைக் கோலாலம்பூருக்கு ஒரு வாரம் அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரைத் தனியாக விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. சந்தைவரை நடந்து தானே நிலையத்துக்குப் போய்க்கொள்வதாக அவர் அடம்பிடித்தார். சாயங்காலம் ஹோட்டல் அறையில் நான் காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்.

"இன்னிக்கி மெஷினு ஆரம்பிக்கும்போதே கத்திருச்சி."

எழுந்து நின்றுவிட்டேன். "எந்தச் சத்தம்? என்னா எழுதிக் காட்டுச்சி?"

"அதெல்லாம் பாக்கல. நான் மிஸ்ஸிகிட்ட சொன்னேன், அது பம்பு இல்ல, வால்வுன்னு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் தூக்கத்துல வால்வு வால்வுன்னு சொல்றியே."

"வால்வுதானா?"

"இல்ல. பிளக்க சரியா மாட்டல."

சிரித்துவிட்டேன். சத்தமாகத்தான் வந்தது. அந்தப் பக்கம் அவர் நான் சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல. இனிமேதான்."

"சரி, போய்ச் சாப்புடு," என்று வைத்துவிட்டார்.